நீருக்கும் ஒரு கால அட்டவணை

நாம் வழக்கமாகச் செல்லும் நீச்சல் குளத்தின் வாயிலில் ஒரு கரும்பலகை உண்டு. காலை 6 முதல் 7, 7 முதல் 8, 8 முதல் 9 என்று வெள்ளைச் சாயத்தில் 'பேட்ச்' பிரித்து எழுதியிருப்பார்கள். திங்கட்கிழமை விடுமுறை. பிற்பகல் 3 முதல் 4 வரையிலான ஒரே ஒரு மணி நேரத்துக்கு எதிரே 'பெண்கள் மட்டும்' என்றிருக்கும். நம்முடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர், முதுகுவலிக்கு நீந்தச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியதன் பேரில், ஒருநாள் அந்தப் பலகையின் முன் நின்று படித்தார். பிற்பகல் 3 மணிக்கு அவருக்கு வகுப்பு. வகுப்பு முடிந்து வீடு சேர்வதற்கும் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்கும் சரியாக இருக்கும். பிறகு அடுப்படி. "இந்த நேரத்தை எழுதினவர் வீட்டில் ஒரு பொம்பளைகூட இல்லையா சார்?" என்று கேட்டுவிட்டு, நீச்சல் உடை வாங்காமலேயே திரும்பிப் போனார்.

அன்று அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. ஆனால் கேள்வி விடவில்லை. குளத்தின் நேரத்தை எழுதுபவர் யார்? யாருக்கு முதல் நேரம், யாருக்குக் கடைசி நேரம் என்பதை எது தீர்மானிக்கிறது? தேடிப் படிக்கப் படிக்க, நீச்சல் குளத்தின் வரலாறு என்பது பெரும்பகுதி அதன் கால அட்டவணையின் வரலாறே என்று தோன்றலாயிற்று.

ஆறும் தொட்டியும்

தமிழில் நீரோடு உறவுகொள்ளும் வினைகளுக்குப் பஞ்சமில்லை. நீராடல், புனலாடல், குடைதல், துளைதல், நீந்தல் என்று அவை நீளும். குளித்தல் என்ற சொல்லே மூழ்குதல் என்ற பொருளிலும் வழங்கியது. முத்துக்குளித்தல் என்ற தொடரில் அப்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. பரிபாடலின் வையைப் பாடல்கள் புதுவெள்ளத்தில் ஊரே இறங்கி ஆடுவதைப் பாடுகின்றன. அங்கே நேரத்தைக் குறித்தது ஆறு. வெள்ளம் வந்த நாளே நீராட்டு நாள். மனிதர்கள் தங்கள் வேலையை அதற்கேற்ப ஒதுக்கிவைத்தனர்.

'லேப்' நீச்சல் இதற்கு நேர்மாறானது. அதற்கு ஆறு வேண்டாம்; அளந்து கட்டிய செவ்வகத் தொட்டி வேண்டும். சுவரைத் தொட்டுத் திரும்பி, மீண்டும் எதிர்ச்சுவரைத் தொட்டு, எண்ணிக்கொண்டே நீந்துவது அது. 25 மீட்டர் குளத்தில் 40 முறை கடந்தால் ஒரு கிலோமீட்டர். 64 முறை கடந்தால் ஏறத்தாழ ஒரு மைல். நிதானமாக நீந்துபவர் 100 மீட்டருக்கு இரண்டரை நிமிடம் எடுத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 25 நிமிடம் ஆகும். உடை மாற்றுவதற்கும் உடல் கழுவுவதற்கும் தலை துவட்டுவதற்கும் இன்னொரு 25 நிமிடம். ஆகவே ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிற உடற்பயிற்சி என்பதே இதன் சிறப்பு. அந்த ஒரு மணி நேரம் கிடைப்பதுதான் கடினம்.

அழுக்குத் துணியிலிருந்து தொடங்கிய கதை

நவீனப் பொதுக் குளத்தின் தாயகங்களுள் ஒன்றாக இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சொல்லலாம். அங்கே அதன் தொடக்கம் நீச்சலில் இல்லை. துணி துவைப்பதில் இருக்கிறது. அயர்லாந்திலிருந்து சிறுமியாகக் குடிபெயர்ந்த கிட்டி வில்கின்சன் என்ற ஏழைப் பெண்மணி, 1832இல் காலரா பரவியபோது, தம் வீட்டிலிருந்த கொதிகலனை அக்கம்பக்கத்தார்க்குத் திறந்துவிட்டார். நோயாளிகளின் துணிகளும் படுக்கை விரிப்புகளும் அங்கே கொதிநீரில் அலசப்பட்டன. அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1842இல் அந்நகரின் பிரெடரிக் தெருவில் பொதுக் குளியலறைகளும் துவைக்கும் இடமும் கொண்ட நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. பின்னர் அதன் மேற்பார்வை கிட்டியிடமும் அவர் கணவரிடமும் ஒப்படைக்கப்பட்டது.

1846இல் பிரித்தானிய நாடாளுமன்றம் பொதுக் குளியலிடங்கள், துவைக்குமிடங்கள் பற்றிய சட்டத்தை இயற்றியது. உள்ளாட்சிகள் வரிப்பணத்தில் இவற்றைக் கட்டலாம் என்றும், கடைசி வகுப்பினர் குளிர்நீர்க் குளியலுக்கு ஒரு பென்னிக்கும் வெந்நீர்க் குளியலுக்கு இரண்டு பென்னிக்கும் மேல் கொடுக்க வேண்டியதில்லை என்றும் அது வரையறுத்தது. சட்டத்தின் நோக்கம் தூய்மை, நீச்சல் அன்று. நீச்சல் குளங்களை வெளிப்படையாக உட்கொண்ட திருத்தம் 1878இல்தான் வந்தது. அதே திருத்தம் குளிர்காலத்தில் ஐந்து மாதங்கள் குளத்தை மூடி, மேலே பலகை பரப்பி, கூடமாகப் பயன்படுத்தவும் இடம் தந்தது. நீந்த விரும்பியவனின் ஆண்டில் ஐந்து மாதங்கள் இவ்வாறு சட்டப்படியே கழிந்தன.

ஓய்வு கிடைத்த பிறகே நீச்சல்

குளம் கட்டினால் மட்டும் போதாது. அதில் இறங்க ஆளுக்கு நேரம் வேண்டும். 1847ஆம் ஆண்டின் சட்டம் பிரித்தானிய நெசவாலைகளில் பெண்கள், இளவயதினர் ஆகியோரின் வேலை நேரத்தை நாளொன்றுக்குப் பத்து மணி என வரையறுத்தது. 1850இல் வந்த சட்டம் சனிக்கிழமைகளில் பிற்பகல் 2 மணிக்கு அவர்களுடைய வேலையை நிறுத்தச் சொன்னது. ஆலையின் பாதி ஆள்கள் வெளியேறிவிட்டால் மீதிப்பேரை வைத்து இயந்திரம் ஓட்டுவது எளிதன்று. ஆகவே ஆண்களுக்கும் அரைநாள் வாய்த்தது. சனிக்கிழமை மாலை என்ற ஒன்று பிறந்த பிறகுதான் காற்பந்துக் கழகங்களும் நீச்சல் கழகங்களும் தழைத்தன.

வேறு சிலர் வேலைக்கு முந்தைய நேரத்தைப் பிடித்துக்கொண்டனர். இலண்டன் ஹைட் பூங்காவிலுள்ள செர்ப்பன்டைன் ஏரியில் நீந்துவோர் 1864இல் ஒரு கழகம் அமைத்தனர். ஆண்டு முழுதும் விடிகாலையில் இறங்கி, ஊர் வேலைக்குக் கிளம்புமுன் கரையேறுவது அவர்கள் வழக்கம். அக்கழகம் இன்றளவும் நடக்கிறது. கிறிஸ்துமஸ் நாளன்று காலை அவர்கள் நடத்தும் பந்தயமும் புகழ்பெற்றது. வேலைக்குமுன், வேலைக்குப்பின், வார இறுதி என்ற மூன்று இடைவெளிகளும் 19ஆம் நூற்றாண்டிலேயே உருவாகிவிட்டன. இன்று நாம் அலுவலகத்துக்கு முன் ஈரத்தலையோடு பேருந்து பிடிப்பது பழைய மரபின் தொடர்ச்சியே.

முதல் நீர், இரண்டாம் நீர், மூன்றாம் நீர்

மான்செஸ்டர் நகரின் விக்டோரியா குளியல் மாளிகை 1906இல் திறக்கப்பட்டது. வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் மெருகேற்றிய ஓடுகளும் பதித்த அக்கட்டடத்துக்கு வாயில்கள் மூன்று. ஒன்று முதல் வகுப்பு ஆண்களுக்கு, இன்னொன்று இரண்டாம் வகுப்பு ஆண்களுக்கு, மற்றொன்று பெண்களுக்கு. உள்ளே குளங்களும் மூன்று. பெண்களுக்கு வகுப்பு வேறுபாடு இல்லை. அனைவருக்கும் ஒரே குளம். இதனைச் சமத்துவம் என்று மகிழ்வதற்குமுன் நீர் சென்ற வழியைப் பார்க்க வேண்டும். கிணற்றிலிருந்து எடுத்த புதுநீர் முதலில் முதல் வகுப்பு ஆண்கள் குளத்தை நிரப்பியது. அவர்கள் பயன்படுத்திய பின் அது இரண்டாம் வகுப்பு ஆண்கள் குளத்துக்குச் சென்றது. அவர்களும் பயன்படுத்திய பின் பெண்கள் குளத்தை அடைந்தது.

வடிகட்டிச் சுழற்றும் முறையும் குளோரினும் பரவுவதற்கு முன்னர், குளத்தை நிரப்புவது, அழுக்கேறும்வரை பயன்படுத்துவது, பின் வடிப்பது என்பதே வழக்கம். ஆகவே வாரத்தின் நாள்களுக்கும் விலை வேறுபட்டது. புதுநீர் நாளில் கட்டணம் கூடுதல்; நீர் கலங்கக் கலங்கக் கட்டணம் குறையும். கூலியாள் தன் ஒரு பென்னியைக் கொண்டு வாங்கியது அந்தக் கலங்கல் நீரைத்தான். அட்டவணை என்பது நேரத்தை மட்டும் பங்கிடவில்லை. நீரின் தூய்மையையும் பங்கிட்டது. இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் செய்திகள் வியப்பளிக்கமாட்டா.

அலுவலகம் விட்ட பின் வந்த பெண்கள்

பெண்களுக்கான ஒலிம்பிக் நீச்சல் போட்டி முதன்முதலில் 1912இல் ஸ்டாக்ஹோமில் நடந்தது. ஆஸ்திரேலியாவின் ஃபேனி டூராக் 100 மீட்டரில் முதலிடமும், அவர் தோழி மீனா வைலி இரண்டாமிடமும் பெற்றனர். ஆயினும் அவர்கள் கப்பலேறுவதே பெரும்பாடாக இருந்தது. ஆண்கள் பார்க்கும் இடத்தில் பெண்கள் போட்டியிடலாகாது என்பது நியூ சவுத் வேல்ஸ் பெண்கள் நீச்சல் சங்கத்தின் விதி. விதியைத் தளர்த்தக் கூடாதென்று நின்றவர், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய ரோஸ் ஸ்காட். ஆடவர் பார்வையிலிருந்து பெண்களைக் காக்க வேண்டும் என்பது அவர் வாதம். நல்லெண்ணத்தில் எழுந்த தடையாயினும் தடை தடைதானே. பொதுமக்கள் கருத்து எதிராகத் திரும்பியதால் விதி தளர்ந்தது. அவர் பதவி விலகினார்.

நியூயார்க்கில் இதே காலத்தில் வேறொரு பெண் வேறு வழி கண்டார். சார்லட் எப்ஸ்டீன் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். நாள்முழுதும் பிறர் பேச்சை எழுதிக் களைத்தபின் நீந்த வேண்டும் என்பது அவருக்கும் அவரைப்போல் வேலைக்குச் செல்லும் தோழியர் சிலருக்கும் விருப்பம். 1917இல் அவர்கள் கூடிப் பெண்கள் நீச்சல் சங்கத்தைத் தொடங்கினர். பயிற்சியாளர் லூயி டி பி. ஹேண்ட்லி ஊதியம் பெறாமல் கற்பித்தார். பதக்கம் அவர்களுடைய முதல் நோக்கமன்று. வேலை முடிந்தபின் உடலுக்கு ஒரு பயிற்சி, அவ்வளவே. எனினும் மூன்றே ஆண்டுகளில், 1920இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில், அச்சங்கத்தின் எத்தெல்டா பிளைப்ட்ரீ மூன்று தங்கம் வென்றார். அதே சங்கத்தில் பயின்ற கெர்ட்ரூட் எடர்லே 1926 ஆகஸ்ட் 6 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் பெண்ணானார். ஏறத்தாழப் பதினான்கரை மணி நேரத்தில் முடித்து, அதுவரை கடந்திருந்த ஐந்து ஆண்களின் நேரத்தையும் அவர் முறியடித்தார்.

எடர்லேயை உலகம் அறியும். அதே மாத இறுதியில் கடந்த இரண்டாம் பெண்ணை அவ்வளவாக அறியாது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அமீலியா கேட் கார்சன், நீச்சல் கற்றுக்கொடுத்துப் பிழைத்தவர். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். ஏறத்தாழப் பதினைந்தரை மணி நேரத்தில் அவர் கால்வாயைக் கடந்தபோது, கடந்த முதல் தாய் என்று செய்தித்தாள்கள் எழுதின. 'முதல் தந்தை' யார் என்று அவை கேட்டதாகத் தெரியவில்லை. ஆணின் நீச்சலில் குழந்தைகள் கணக்கில் வருவதில்லை. பெண்ணின் நீச்சலில் அவர்களே முதற்செய்தி. இன்றும் குளத்துக்கு வரும் தாயிடம்தான் "பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்கிறோம்.

வடிப்பதற்கு முந்தைய நாள்

இன்று லேப் நீந்துவோர் பெரும்பாலும் கைக்கொள்ளும் முறை 'கிரால்' எனப்படுவது. இது ஐரோப்பியரின் கண்டுபிடிப்பன்று. 1844இல் வட அமெரிக்கப் பழங்குடியினர் இருவர் இலண்டனில் அவ்வாறு நீந்திக் காட்டியபோது, அதன் வேகத்தை வியந்தவர்களும் அதை நாகரிகமற்ற துழாவல் என்று ஒதுக்கினர். பின்னர் சாலமன் தீவுகளில் பிறந்த அலிக் விக்கமின் நீச்சலைக் கண்டே சிட்னி நகரத்தார் அதனைப் பழகினர் என்பர். 1912 ஒலிம்பிக்கில் ஆண்கள் 100 மீட்டரை வென்றவர் ஹவாய்த் தீவினரான டியூக் கஹானமோகு. நீச்சலைக் கொடுத்தவர்கள் வெள்ளையரல்லாதார். குளத்தின் வாயிலில் நிறுத்தப்பட்டவர்களும் அவர்களே.

கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் புரூக்சைடு குளம் 1914இல் திறக்கப்பட்டது. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் கறுப்பினத்தவரும் மெக்சிகோ வழியினரும் ஆசியரும் அதில் இறங்கலாம். அந்நாளுக்கு இட்ட பெயர் 'சர்வதேச நாள்'. அது முடிந்ததும் நீர் முழுதும் வடிக்கப்பட்டு, குளம் கழுவப்பட்டு, மறுபடி நிரப்பப்பட்டது. பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் வளர்ந்த ஊர் இது. வழக்காடிய பிறகு 1947இல்தான் எல்லாருக்கும் எல்லா நாளும் குளம் திறந்தது. நீரைத் தீட்டாக்கும் மனிதர் என்ற எண்ணம் நமக்குப் புதியதன்று. ஊர்க் குளத்தில் இறங்கும் உரிமைக்காக 1927இல் மகாத் நகரில் அம்பேத்கர் தலைமையில் மக்கள் நடந்ததை எண்ணிப் பார்த்தால், பாசடீனா நமக்குத் தொலைவில் இல்லை.

அமெரிக்க வரலாற்றில் இன்னொரு முரணும் உண்டு. தொடக்கத்தில் அங்கும் ஆண்களுக்குச் சில நாள்கள், பெண்களுக்குச் சில நாள்கள் என்றே நகரக் குளங்கள் இயங்கின. 1920களை ஒட்டி இருபாலாரும் குடும்பமாக வரத்தொடங்கியபோதுதான், வடபகுதி நகரங்களிலும் கறுப்பினத்தவரை விலக்குவது இறுகியது என்று வரலாற்றாசிரியர் ஜெஃப் வில்ட்சி காட்டுகிறார். ஒரு சுவர் இடிந்த இடத்தில் இன்னொரு சுவர் எழும்பிற்று. நீதிமன்றங்கள் இணைப்புக்கு ஆணையிட்டபோது, குளத்தையே மூடிவிட்ட நகரங்கள் உண்டு. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் அவ்வாறு மூடியது. அதில் குற்றமில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. எல்லாருக்கும் ஒரே நேரம் தருவதைவிட எவருக்கும் நேரமில்லாமற் செய்வது மேல் என்று ஒரு நகரம் முடிவெடுக்க முடிந்தது.

கயிறுகளுக்கு இடையில்

குளத்தில் தனித்தனி வழிகள் பிரிக்கும் மிதவைக் கயிற்றை இன்று எங்கும் காண்கிறோம். அலையை அடக்கும் வகையிலான கயிற்றை 1960களில் செப்பம் செய்தவர் அடால்ஃப் கீஃபர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் மல்லாந்த நீச்சலில் தங்கம் வென்றவர். போட்டிக்கென வந்த அக்கயிறு சாதாரண மனிதனுக்கும் ஒரு வரம். பக்கத்தில் சிறுவர்கள் குதித்தாலும் கயிற்றுக்கு இப்பால் நம் வழி நம்முடையது.

அதேபோல் வேலையும் குடும்பமும் உடைய நடுவயதினரை நீச்சலுக்கு மீட்டவர் ரான்சம் ஆர்தர் என்ற அமெரிக்கக் கடற்படை மருத்துவர். ஒரு போட்டி என்ற இலக்கு இருந்தால் வளர்ந்தவர்கள் தொடர்ந்து நீந்துவார்கள், உடல்நலம் பேணுவார்கள் என்பது அவர் எண்ணம். 1970 மே மாதம் டெக்சாஸின் அமரில்லோ நகரில் 25 வயதைக் கடந்தவர்களுக்கான முதல் தேசியப் போட்டி நடந்தது. 'மாஸ்டர்ஸ்' என்று பெயர்பெற்ற அவ்வியக்கம் பின்னர் உலகெங்கும் பரவியது. ஐந்தைந்து ஆண்டுகளாக வயதைப் பிரித்துப் போட்டி வைப்பதால், எழுபதில் இருப்பவர் எழுபதில் இருப்பவரோடு நீந்தலாம். இக்குழுக்கள் குள நிருவாகத்திடம் கேட்டுப் பெற்றது பெரும்பாலும் இரண்டே நேரங்கள்: பொழுது விடியுமுன், பொழுது சாய்ந்தபின்.

நியூயார்க் நகரம் 1936 கோடையில் மட்டும் பதினொரு பெரும் நீச்சல் குளங்களைத் திறந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்தோருக்கு வேலை தந்த நிதியில் கட்டப்பட்டவை அவை. பிற்காலத்தில் அந்நகரின் திறந்தவெளிக் குளங்களில், பிள்ளைகள் வருமுன் காலையிலும் அவர்கள் போனபின் மாலையிலும் லேப் நீந்துவோருக்கென நேரம் ஒதுக்கப்பட்டது. காலை நேரத்துக்கு 'அதிகாலைப் பறவை' என்றும் மாலை நேரத்துக்கு 'இரவு ஆந்தை' என்றும் பெயர். கோடை முடிவதற்குள் 25 மைல் நீந்தியவருக்குப் பரிசு ஒரு டி-ஷர்ட். பெரிய செலவில்லை, புதுக் கட்டடமில்லை. பிள்ளைகளின் நேரத்தைப் பறிக்காமல், ஓரங்களிலிருந்த நேரத்தை எடுத்து உழைப்பவருக்குக் கொடுத்தார்கள். நல்ல அட்டவணைக்கு இதைவிட எளிய சான்று நமக்குக் கிட்டவில்லை.

மீண்டும் கரும்பலகை

இவற்றையெல்லாம் நம் ஆசிரியையிடம் ஒருநாள் தேநீர் வேளையில் சொன்னோம். மான்செஸ்டரின் மூன்றாம் நீரைக் கேட்டுச் சிரித்தார். பாசடீனாவைக் கேட்டபோது சிரிக்கவில்லை. சுருக்கெழுத்தாளர் எப்ஸ்டீனின் கதை அவருக்குப் பிடித்துவிட்டது. "அப்படியானால் தனியாகக் கேட்கக் கூடாது, கூட்டமாகக் கேட்க வேண்டும்" என்றார். அடுத்த வாரமே ஒரு மனு எழுதினார். ஆசிரியைகள், வங்கி ஊழியர்கள், செவிலியர், எதிர்வீட்டுப் பாட்டி என்று 31 பேர் கையெழுத்திட்டனர். கேட்டது ஒன்றே: வேலைக்குப் போகும் பெண்களுக்கு மாலை 6 முதல் 7.

குளத்தின் மேலாளர் மனுவை மறுக்கவில்லை, ஏற்கவுமில்லை. மாலை நேரம் பயிற்சி மாணவர்களுக்கு உரியது என்றார். அதுவும் பொய்யன்று. அந்தச் சிறுவர்களுக்கும் பள்ளி விட்டபின் வேறு நேரம் ஏது? ஒரு மணி நேரத்தை ஒருவருக்குக் கொடுக்கும்போது இன்னொருவரிடமிருந்து எடுக்கிறோம் என்பதை இக்கட்டுரையில் நாம் மறைக்க விரும்பவில்லை. பல நாள் பேச்சுக்குப் பின், சனி, ஞாயிறு காலை 9 முதல் 10 வரை பெண்களுக்கென்று சோதனை முறையில் மூன்று மாதம் தருவதாக முடிவாயிற்று. அதுவரை அந்நேரத்தில் நீந்தியவர்களில் நாமும் ஒருவர்; இப்போது விடிகாலை 6 மணி பேட்சுக்கு மாறியிருக்கிறோம். குளிர்கிறது.

சென்ற ஞாயிறன்று நாம் வெளியேறித் தெருமுனையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அந்த ஆசிரியை தம் கணவரின் வண்டியிலிருந்து இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குளத்துக்குள் போனார். வண்டியின் முன்பக்கம் சிறிய பிள்ளை, பின்பக்கம் பெரிய பிள்ளை. அவர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருவார் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கரும்பலகையில் புதிதாக எழுதிய வரியின் சாயம் இன்னும் மற்ற வரிகளைவிட வெளுப்பாகத்தான் இருக்கிறது. மூன்று மாதம் கழித்தும் அது அழியாதிருக்க வேண்டும்.